பிளே பொத்தானை அழுத்தாத மெனு அண்ணன்

ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் ஒரு படத்துக்கு மதிப்பெண் போடத் தெரிந்தவர் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மெனு அண்ணன். டிஸ்க்கைப் பிளேயருக்குள் தள்ளுவார். டிவியில் மெனு வரும்: படத்தின் பெயர், பின்னால் அசையும் ஒரு காட்சி, ஒரு துண்டு இசை, கீழே 'பிளே' என்ற சொல். மற்றவர்கள் அந்த இடத்தில் பொத்தானை அழுத்திவிடுவோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இசை முடியும், மறுபடி தொடங்கும், மறுபடி முடியும். கடைசியில் "பாஸு" என்பார். அல்லது "ஃபெயிலு" என்பார். படம் எப்படி என்று கேட்டால், "அத நீங்க பாத்துச் சொல்லுங்க லா" என்று எழுந்து போய்விடுவார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், நசீர் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் சின்ன ரசிகர் குழு நாங்கள். ஊரே கைப்பேசியில் படம் பார்க்கும் இந்தக் காலத்திலும் கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்குகிறவர்கள். ஒவ்வோர் ஆண்டும், வீட்டில் பார்ப்பதற்காக வெளிவந்த டிஸ்க்குகளில் சிறந்தது எது என்று விருது கொடுப்போம். விருது என்றால் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். அதைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்புவோம். பெரும்பாலும் பதில் வராது. ஒரு நிறுவனம் மட்டும் நன்றி தெரிவித்துக் காலண்டர் அனுப்பியது. அது போன வருடத்துக் காலண்டர்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிப்பது என் வேலை. எது தேறும், எது தேறாது என்று அட்டவணை போடுவது எனக்குப் பழக்கம் என்பதால், விருதுக்கான விதிமுறைகளை எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் மகிழ்ச்சியாகவே எழுதினேன். படத்தின் தெளிவு, ஒலி, சப்டைட்டில், கூடுதல் காட்சிகள், பெட்டி. ஐந்து தலைப்புகள், மொத்தம் நூறு மதிப்பெண்கள். மெனு அண்ணன் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மெனு எங்கம்மா?"

மெனுவுக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்டேன். அவர் ஒரு டிஸ்க்கைப் போட்டார். ஏதோ காதல் படம். மெனுவில் கதாநாயகி திரும்பிப் பார்த்துக் கலகலவென்று சிரித்தாள். மறுபடி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும். நசீர் அண்ணனின் தேநீர் ஆறிப்போனது. நான் கொண்டு போயிருந்த கறி பாப் பலகாரத்தை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நசீர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, அந்தப் பொண்ண யாராச்சும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க லா" என்றார்.

"கடுப்பு வருதில்ல?" என்றார் மெனு அண்ணன், நிதானமாக. "ஃபெயிலு."

அதற்குப் பிறகு அவரை அடக்க முடியவில்லை. மெனு இசை திரும்பத் தொடங்கும்போது ஒட்டு தெரியக் கூடாது என்பார். திடீர்ச் சத்தம் இருக்கக் கூடாது என்பார். மனித முகம் இருக்க வேண்டும், ஆனால் அது நம்மையே உற்றுப் பார்க்கக் கூடாது என்பார். பெட்டிக்கு எதற்கு இத்தனை மதிப்பெண் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார். "அட்டப்பெட்டியப் படுத்துக்கிட்டு யாரு பாக்கப் போறா?" என்று அவர் கேட்டது எங்களுக்கு அப்போது வெறும் நகைச்சுவையாகத்தான் பட்டது.

அவருக்குச் சரியான எதிரி எங்கள் தலைவர். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா கப்பலில் கொண்டு வந்த தமிழைச் சிந்தாமல் வைத்திருப்பவர். கூட்டத்தில் எதைச் சொன்னாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேநீர் சொல்வதற்குக்கூட. மெனுவை ஆறாவது தலைப்பாகச் சேர்க்க வேண்டும் என்று மெனு அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் முன்மொழிவார். பாவம் பார்த்து நசீர் அண்ணன் வழிமொழிவார். தலைவர் எழுந்து நின்று கிழித்துப் போடுவார். தீர்மானம் தோற்கும். அடுத்த வேலையைப் பார்ப்போம்.

குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. வென்ற டிஸ்க்கை யார் அதிகமாக எதிர்த்தாரோ, அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பொறுமையாகப் பார்த்தால் மனம் மாறும் என்பது எண்ணம். அதற்குத் தண்டனை டிஸ்க் என்று பெயர். மெனு அண்ணன் வீட்டில் ஓர் அலமாரியே தண்டனைகளால் நிறைந்திருக்கும் என்று சிரிப்போம்.

போன ஆண்டு ஒரு பழைய பேய்ப் படம் முன்னணியில் இருந்தது. கீறல்களை எல்லாம் துடைத்து, புதிதாக எடுத்த படம் போல் ஆக்கியிருந்தார்கள். கறுப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டி. என் ஐந்து தலைப்புகளிலும் அது பாஸ். மெனு மட்டும் இப்படி: இருட்டான ஒரு நடைக்கூடம், ஒரு பெண்ணின் விசும்பல், படாரென்று அறையப்படும் கதவு. மறுபடி விசும்பல், மறுபடி கதவு.

மெனு அண்ணன் அன்று வழக்கத்தைவிட மூர்க்கமாக எதிர்த்தார். இதற்கு விருது கொடுத்தால் மற்ற நிறுவனங்களும் இதே மாதிரிதான் மெனு செய்யும் என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெனுவையே பாத்துக்கொண்டு கிடக்கிற ஆக்களுக்காகவோ நாங்கள் விருது குடுக்கிறம்?"

"கிடக்கிறவங்க இருக்காங்க ஐயா."

"ஆர் அது? பேரைச் சொல்லும்."

அவர் சொல்லவில்லை. ஓர் ஓட்டு வித்தியாசத்தில் பேய்ப் படம் வென்றது. வழக்கப்படி வெல்வெட் பெட்டி அவருடைய பைக்குள் போனது. "இந்தத் தண்டனைய அலமாரியோட அடியில வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. அவர் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார், தினமும் ஃபெரி பிடித்து அக்கரையில் மாக் மண்டினுக்குப் போய் ஒரு பட்டறை வாசலில் காவல் வேலை பார்க்கிறார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. நானும் நசீர் அண்ணனும் விசாரித்துத் தேடிப் போனோம்.

கதவைத் திறந்தது பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி, காக் ரோஸ், நம் பேச்சில் ரோஸ் அக்கா. உள்ளே ஒரே அறை. சோபா இல்லை, சாப்பாட்டு மேசை இல்லை. டிவிக்கு எதிரே தலைப்பக்கம் உயர்த்திய ஒரு கட்டில். அதில் பாக்கியம் அக்கா, மெனு அண்ணனின் மனைவி. பக்கவாதம் வந்து பேச்சும் கையும் காலும் போய், கண் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கண்களும் அன்று மூடியிருந்தன. டிவி அணைந்து கிடந்தது.

நடந்ததைச் சொன்னது காக் ரோஸ்தான். மெனு அண்ணன் காலையில் ஒரு டிஸ்க் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து மதியம் காக் ரோஸ் வந்து அக்காவைத் திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, வேறு டிஸ்க் மாற்றிவிட்டுப் போவார். மாலையில் அண்ணன் வந்துவிடுவார். நடுவில் படம் முடிந்துவிடும். முடிந்தால் டிஸ்க் மெனுவுக்குத் திரும்பிவிடும். ஆள் வரும்வரை அக்காவுக்கு மெனுதான்.

விருதுக் கூட்டம் முடிந்த அதே வாரம் ஒரு நாள் காக் ரோஸ் அலமாரியைத் துடைத்தபோது அடியில் வெல்வெட் பெட்டியைப் பார்த்திருக்கிறார். அழகான பெட்டி. புதுப் படம், அக்கா சந்தோஷப்படுவார் என்று அதைப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாலை பெருமழை. சாலையெல்லாம் வெள்ளம். அண்ணன் அக்கரையில் மாட்டிக்கொண்டார், காக் ரோஸ் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டார். இருட்டிய பிறகு அண்ணன் கதவைத் திறந்தபோது விசும்பலும் கதவுச் சத்தமும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கண்களை இறுக்கி மூடியிருந்தார். அன்றிலிருந்து டிவியைப் போட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். காக் ரோஸ் இதைச் சொல்லிவிட்டு, முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மெனு அண்ணன் கட்டில் விளிம்பில் அக்காவின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். நான் தொழில் பழக்கத்தில் தீர்வுகளை அடுக்கத் தொடங்கினேன். இணையத்தில் படம் போடலாமே என்றேன். அது கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நின்றுவிடும் என்றார்.

"நின்னுட்டு, இன்னும் பாக்குறீங்களான்னு கேக்கும்மா. இவ எப்படி ஆமான்னு அமுக்குவா? டிஸ்க்கு கேள்வி கேக்காது."

படத்தையே திரும்பத் திரும்ப ஓட விடலாமே என்றேன். பாதி டிஸ்க்குகளில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்றார். அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். தானாக அணையும்படி வைக்கலாம் என்றேன். ஆள் இல்லாதபோது அணைந்தால் பயப்படுகிறாள் என்றார். கடைசியாக ரேடியோ என்றேன்.

"ரேடியோல முகம் இல்லையேம்மா."

என் பட்டியல் முடிந்துவிட்டது. நான் அட்டவணை போட்ட எந்தச் சோதனையும் இவ்வளவு சுத்தமாகத் தோற்றதில்லை.

படியிறங்கிக் காரில் உட்கார்ந்ததும் நசீர் அண்ணன், "அந்த மனுசன் பாஸு ஃபெயிலுன்னு சொன்னப்பல்லாம் சிரிச்சோமே லா" என்றார்.

அதற்கு அடுத்த கூட்டத்துக்கு மெனு அண்ணன் வந்தார். நாங்கள் தலைவரிடம் சொல்லியிருந்தோம். அவர் எழுந்து, ஆறாவது தலைப்பாக மெனுவைத் தானே முன்மொழிவதாகவும், விவாதம் தேவையில்லை என்றும் மெல்லிய குரலில் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். மெனு அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது வேணாம் ஐயா. பாவப்பட்டுக் குடுத்தா அது மார்க்கு இல்ல, தர்மம். எப்பவும் மாதிரி எதுத்துப் பேசுங்க. நான் பேசி ஜெயிக்கிறேன்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெனு என்பது வீட்டு வாசலில் கிடக்கும் கால்மிதி, கால்மிதிக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா என்று ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் நன்றாகச் சண்டை போட்டது. மெனு அண்ணனும் விடவில்லை. கால்மிதியிலேயே குடியிருக்கிறவருக்கு அதுதான் வீடு என்றார். தேநீர் இரண்டு சுற்று வந்தது. இரண்டையும் முறைப்படி முன்மொழிந்து வழிமொழிந்தோம். ஓட்டெடுப்பில் மெனு அண்ணன் ஜெயித்தார். மெனுவுக்குப் பத்து மதிப்பெண்கள். பெட்டிக்கு இருந்த மதிப்பெண்ணிலிருந்து வெட்டிக் கொடுத்தோம்.

மழை பெய்யும் ஓர் ஆற்றை மெனுவாக வைத்திருந்த டிஸ்க்கை நசீர் அண்ணன் எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். படகில் ஒரு பெண் போகிறாள், முகம் பாதி தெரிகிறது, மழைச் சத்தம் எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதைப் போட்டதும் அக்கா கண்ணைத் திறந்தார் என்று மெனு அண்ணன் கைப்பேசியில் சொன்னார். "பாஸு" என்றார். வைத்துவிட்டார்.

பாக்கியம் அக்கா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ஒரு நாள் காலையில், மெனு அண்ணன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டார். தான் இல்லாத நேரத்தில் போகவில்லையே என்பதைத்தான் வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு விருதுக் கூட்டத்துக்கு அவர் வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தலையை மொட்டையடித்துக்கொண்டு, எப்போதும் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் புதிய அட்டவணையை வாங்கிப் பார்த்தார். ஆறாவது தலைப்பின் மேல் விரலை வைத்தார்.

"இத எடுத்துடலாம்னு நான் முன்மொழியிறேன். இனிமே யாருக்குத் தேவ?"

தலைவர் முறைப்படி, இதை வழிமொழிகிறவர் யார் என்று கேட்டார். நசீர் அண்ணன் சன்னல் பக்கம் பார்த்தார். நான் பேனாவை மூடி வைத்தேன். தலைவர் இன்னொரு முறை கேட்டார். கீழே சந்தில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் சத்தம் கேட்டது. வழிமொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் விழுந்தது என்று தலைவர் அறிவித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

நசீர் அண்ணன் அந்த மழை ஆற்று டிஸ்க்கைப் பிளேயருக்குள் தள்ளினார். மெனு வந்தது. படகு போனது, மழை பெய்தது. மெனு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், நாங்களும் அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். ரிமோட் மேசை நடுவில்தான் கிடந்தது. யாரும் பிளேயை அழுத்தவில்லை.