இதெல்லாம் சேராது, டாக்டர்

மனிதர்களில் சேராதுக்காரர் என்று ஒரு சாதி உண்டு. இந்தச் சாதிக்கு மதம் கிடையாது, ஊர் கிடையாது, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமும் கிடையாது. அடையாளம் ஒன்றே ஒன்றுதான். ஒரு காரியத்தைச் செய்யக் கூடாது என்று சொன்னால் இவர் அதைச் செய்யவே மாட்டார். செய்தது எதுவோ, அது அந்தக் காரியத்தில் சேராது என்பார்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை வியாதி வந்த பிறகு இனிப்பைக் கையால் தொடாதவர், கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை மட்டும் தொன்னையை வழித்துச் சாப்பிடுவார். பிரசாதம் இனிப்பில் சேராது. பீடியைத் தலைமுழுகியவர் இப்போதெல்லாம் பீடி வாங்குவதே இல்லை. அடுத்தவர் பீடியில் நாலு இழுப்பு, அது சேராது. கிருத்திகை விரதம் இருக்கிற அம்மாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று பெருமூச்சு விடுவார். நாலு வாழைப்பழம், ஒரு சொம்பு பால், வெல்லம் போட்ட அவல் எல்லாம் உள்ளே போயிருக்கும். பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது என்னவோ நிஜம்தான்.

இவர்கள் பொய் சொல்கிறார்களா? சத்தியமாக இல்லை. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். இவர்களை யார் பிடிப்பது?

எங்கள் திருக்கனூர் கடைத்தெருவில் இந்தச் சாதிக்குத் தலைவர் காஜா மொய்தீன் பாய். என் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே அவருடைய மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. விவசாயி மூட்டையை இறக்கினால் பாய் உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், நாலு காயை உடைப்பார், பருப்பை வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்லுவார், காய் காய்ந்த காய்ச்சல் பத்துமா பத்தாதா என்று தீர்ப்புச் சொல்லி விலை பேசுவார். ஒரு மூட்டைக்கு நாலு காய் என்றால் நூறு மூட்டை வரும் நாளில் எத்தனை காய் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"இவ்ளோ துன்றீங்களே பாய், வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் எப்போ துன்னேன்? காலையில வூட்ல ரெண்டு இட்லி துன்னதோட சரி. இது வியாபாரம், சிங்காரம். இது சேராது."

அப்படிப்பட்டவருக்குக் கொல்லைக்குப் போகும்போது ரத்தம் பட ஆரம்பித்தது. ஆறு மாதம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அது சூடு. வெயில் சூடு, பஸ் சீட்டுச் சூடு, கத்திரிக்காய்ச் சூடு. வியாதியில் சேராது. ஆனால் துணி துவைக்கிற மனைவியின் கண்ணை எத்தனை நாள் கட்டி வைக்க முடியும்? பாயின் அண்ணன் ஷேக் மைதீன் இப்படித்தான் மூலம், மூலம் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் டாக்டரிடம் போனபோது குடலில் புற்று முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றே மாதத்தில் அடக்கமானவர். அவரைப் படுக்கையில் தூக்கித் துடைத்தது பாயின் மனைவி பரிதா அம்மா. ஆகவே கறை பட்ட வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் கடைக்கே வந்து நின்றபோது, பாயிடம் ஒரு சூடும் மிச்சமில்லை. மறுநாளே பாண்டிக்கு பஸ் ஏறினார்கள். இது எண்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதக் கதை.

பெரிய டாக்டர் விஷயத்தைச் சொன்னார். விளக்கு வைத்த ஒரு நீளக் குழாய். அதைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுப் பெருங்குடல் முழுவதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

"வாய் வழியா வுட்டா ஆவாதா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார் பாய்.

"அது வேற ரோடு."

ஒரு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. பத்தியத்தை டாக்டர் வாயாலேயே சொன்னார். முதல் இரண்டு நாள் கீரை, தோல், கொட்டை, முக்கியமாக மல்லாட்டை, எதுவும் ஆகாது. குழைந்த சோறு போதும். மூன்றாம் நாள் வடிகட்டின கஞ்சித் தண்ணீர், இளநீர், பால் விடாத டீ, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் விளக்கெண்ணெய். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எனிமா. குடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தால்தான் பார்க்க முடியும்.

இதில் என்ன கஷ்டம் என்று நான் நினைத்தேன். ரம்ஜான் மாதம் முப்பது நாளும் உச்சி வெயிலில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காமல் நோன்பு பிடிக்கிற மனிதர். ஒரு நோன்பை விட்டதாகச் சரித்திரமில்லை. அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கப் போனேன்.

"அது அல்லாவுக்கு. அவன் எல்லாத்தியும் பாக்குறான். இந்த டாக்டர் இன்னா, வூட்டுக்குள்ள வந்தா பாக்கப் போறாரு?" என்றார் பாய்.

வீட்டைவிட இன்னும் கொஞ்சம் உள்ளேயே வந்து பார்க்கப் போகிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான், அந்த நேரத்தில்.

முதல் இரண்டு நாளும் மண்டியில் வரத்து அதிகம். பாய் வீட்டில் குழைந்த சோற்றை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்து, கடையில் வழக்கம்போல மூட்டைக்கு நாலு காய் மென்றார். மூன்றாம் நாள் காலை கஞ்சித் தண்ணீர். பத்து மணிக்குப் பால் விடாத டீ, அதற்குத் துணையாக இரண்டு பொறை ரொட்டி. "பொறை ஆவாதே பாய்" என்றேன். டீயில் நனைத்துத் தொளதொளவென்று ஆக்கிக் காட்டினார். "தண்ணி ஆகாரம்தானே சொன்னாரு? இது இன்னா கல்லாவா இருக்குது?" மத்தியானம் பேத்தி தட்டில் மிச்சம் வைத்த ஒன்றரை இட்லி, உணவை வீணாக்குவது பாவம், பாவத்திலிருந்து தப்பிப்பது சாப்பாட்டில் சேராது. சாயங்காலம் பரிதா அம்மா மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெயை ஊற்றினார். குமட்டலுக்கு வாய் மாற்ற எலுமிச்சை ஊறுகாய். அப்புறம் பாய்க்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்த ஓட்டப் பந்தயத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பதினோரு தடவை என்று மறுநாள் காலை பஸ்ஸில், பரிட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்கிற பெருமையோடு அவரே சொன்னார்.

துணைக்குப் போனவன் நான். ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி ஏறியதில் எனக்கு நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பிடிப்பு. காலையில் சாப்பிட்ட மரவள்ளிக் கிழங்கின் வாய்வு. அதை விடுங்கள். பாயை உள்ளே அழைத்துப் போனார்கள். தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் குரல் கேட்டது.

"பெரியவரே, என்ன தொழில் பண்றீங்க?"

"மல்லாட்டை மண்டி டாக்டர்" என்றது அரை மயக்கத்தில் பாயின் குரல்.

"தெரியுது."

அதற்கு மேல் குழாய் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்த டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ரத்தம் எங்கிருந்து வருதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சிருக்கணும். இனிமே மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி. அந்த மூணு வாரம் உள்ள இருக்கிறது சும்மா இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். திரும்பும் வழியில் வில்லியனூரில் பஸ் நின்றபோது, சன்னலோரம் வந்த முறுக்குக் கூடையைக்கூடப் பாய் பார்க்கவில்லை.

பரிதா அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழிந்தது. பத்தியம் தொடங்கும் நாள் காலையில் மண்டிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அவர் கடைக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா பரிதா இது, இங்க வந்து?" என்றார் பாய்.

"நோன்பு வெச்சிருக்கேன். வூட்ல இருந்தா சமையக்கட்டு ஞாபகம் வருது."

"ரம்ஜானுக்கு நாள் இருக்குதே?"

"இது உங்களுக்கு நேந்துக்கிட்டது. மூணு நாளு. நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. ஆனா எது சாப்பிட்டாலும் எனக்கு எதிர்லயே சாப்பிடுங்க."

சுப்புராயன் என்கிற விவசாயி மூட்டையை இறக்கினார். பாயின் கை உள்ளே போயிற்று, ஒரு பிடி அள்ளிற்று, ஒரு காயை உடைத்தது, வாய் வரைக்கும் வந்தது. பரிதா அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு பார்த்தார். பாய் பருப்பை மூட்டையில் போட்டுவிட்டு, இன்னொரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டி, உள்ளே பருப்பு கலகலக்கிறதா என்று கேட்டார்.

"இன்னா பாய், காதால வாங்குறீங்க?" என்றார் சுப்புராயன்.

"காய்ச்சல் பரவால்ல" என்றார் பாய், யாரையும் பார்க்காமல்.

இரண்டாம் நாள் மத்தியானம் அனல் காற்று. மண்டியில் மூட்டைத் தூசி. அந்த அம்மாளின் உதடு வெடித்திருந்தது. பாய்க்குத் தாங்கவில்லை. "போதும் எழுந்திரு. வூட்டுக்குப் போ. அண்ணன் மாதிரி ஆயிடுமோன்னு பயப்படுறியா?"

"பயம் இல்லீங்க. நான்தான் பாத்துட்டேனே" என்றார் பரிதா அம்மா.

எதிர்க்கடையில் துணி அளந்துகொண்டிருந்த எனக்கு இது கேட்டது. எத்தனை கெஜம் அளந்தேன் என்பது மறந்து போயிற்று. அன்றும் மறுநாளும் பாய் பொறையின் பக்கம் போகவில்லை. விளக்கெண்ணெய்க்குப் பிறகு ஊறுகாயும் கேட்கவில்லை. இப்போது பதினான்கு தடவையாம்.

இந்தத் தடவை குழாய் கடைசி வரைக்கும் போயிற்று. உள்ளே சுண்டைக்காய் அளவில் இரண்டு சதை வளர்ச்சி. டாக்டர் கம்பிச் சுருக்குப் போட்டு இரண்டையும் அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வயிற்றில் காற்றடித்துப் பார்த்திருப்பதால் பாய் ஊதிப் போயிருந்தார். "காத்தை வெளிய விட்டுடுங்க அய்யா, வெக்கப்படாதீங்க" என்றார் வசந்தா என்கிற நர்ஸ். ஊரில் நாலு பஞ்சாயத்துக்குப் போகிற மனிதர் ஒரு பெண்பிள்ளை சொல்லி அதைச் செய்வாரா? அடக்கினார். பஸ்ஸில் குலுக்கல் அதிகம். ஒதியம்பட்டு தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடங்க மறுத்துவிட்டது. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பாய் சன்னலுக்கு வெளியே தென்னை மரங்களை எண்ணினார்.

"டாக்டர் அடிச்ச காத்து, சிங்காரம்" என்றார் மெதுவாக. "என்னுதுல சேராது."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. இப்போதைக்குப் புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும், வருஷம் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பரிதா அம்மா மூன்று நோன்பையும் முடித்திருந்தும் அன்று ஏனோ சாப்பிட முடியாமல் அழுதுகொண்டிருந்தார். பாய் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் என்ன? இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று உத்தரவு. பாய் தூக்கவில்லை, தூக்குகிறவனுக்கு ஒரு கை கொடுத்தார். மற்ற நேரத்தில் உபதேசம். வயிற்றைத் தடவிக்கொண்டு போகிறவர் எவராலும் மண்டியைத் தாண்ட முடியவில்லை. "பத்தியம்னா பத்தியமா இருக்கணும். ஒரு பருப்பு உள்ள போனாலும் போச்சு. அதெல்லாம் சேராதுன்னு சில பேரு சொல்லுவான், நம்பாதே" என்பார். சொல்லும்போதே கை மூட்டைக்குள் இருக்கும்.

வருஷம் திரும்பியது. டாக்டர் சொன்ன தேதி வந்தது. பாய் சொன்னார்: "அதான் போன வருஷமே எல்லாத்தியும் எடுத்தாச்சே. வருஷா வருஷம்னு அவர் சொன்னது பொதுவா சொன்னது. நம்ம கேஸ் அதுல சேராது."

பரிதா அம்மா மறுநாள் காலை நோன்பு வைத்தார். பாய் பஸ் ஏறினார்.

இந்தச் சேராதுக்காரர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீங்களும் சிரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். படித்துக்கொண்டே நீங்கள் எதையோ கொறிக்கிறீர்கள். அது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் உள்ள விவகாரம், நான் தலையிட மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. பரண் ஏறித் துணிக்கட்டு எடுக்கும்போது நெஞ்சுக்குக் குறுக்கே அந்தப் பிடிப்பு இன்னும் வருகிறதுதான், இடது கை கொஞ்சம் மரத்துப் போகிறதுதான். ஆனால் அது வாய்வு.

இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். என் மனைவி கோகிலாம்பாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கு எடுத்துக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ சாப்பிடல?"

"பசியில்லீங்க."

நேற்றும் இதையேதான் சொன்னாள். முந்தாநாள் பரிதா அம்மா வந்து கதவோரம் ஒரு மணி நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நெஞ்சுப் பிடிப்பைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பரணுக்குக் கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறவள் அவள்தானே?

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் பாண்டிக்குப் போகிறேன். உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இரண்டு நாளாகப் பசியில்லை என்று சொல்கிறார்களா, அதை மட்டும் போய் விசாரித்துவிடுங்கள்.