புள்ளி வைத்துப் போன கார்

திருவள்ளூரில் ஒரு சொட்டு எண்ணெய் வீணாகத் தரையில் விழுந்தால், அது யார் வீட்டு எண்ணெயாக இருந்தாலும் வீரராகவனுக்கு வயிறு எரியும். ஊத்துக்கோட்டை ரோட்டில் கடலை எண்ணெய் மில் வைத்திருப்பவருக்கு எரியாமல் என்ன செய்யும்? டின் தூக்குகிறவன் கை லேசாக நடுங்கினால் போதும், "டேய், அது இன்னா பைப்புத் தண்ணியா?" என்று ஆபீஸ் ரூமிலிருந்து குரல் பறந்து வரும்.

அப்பேர்ப்பட்டவருடைய கார் ஒழுகியது.

சும்மா ஒழுகவில்லை. நின்றால் குட்டை, ஓடினால் புள்ளி. வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போன கறுப்பு வண்டி அது. துரைக்குப் பிறகு ஒரு வக்கீல், வக்கீலுக்குப் பிறகு ஒரு மிராசுதார், அவருக்கும் அலுத்த பிறகு வீரராகவன். ஒவ்வொரு கை மாறும்போதும் அது ஒரு வியாதியைக் கூடச் சேர்த்துக்கொண்டு வந்தது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நெற்றியில் ஈரம் காயாமல், சாமி படத்துக்கு முன்னால் நின்று வீரராகவன் சபதம் செய்தார்.

"இன்னியிலிருந்து இந்த வண்டி ஒரு சொட்டு சிந்தாது!"

அடுப்படியில் எண்ணெய் காட்டாத தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த குணசுந்தரி, "சிந்தினா சிந்திட்டுப் போவுது. உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றாள்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கடுகு சிதறினால் வீட்டையே தலைகீழாகக் கவிழ்ப்பவள் சொன்ன பதில் இது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படத் தெரிந்திருந்தால் அவர் ஏன் இத்தனை வருஷம் கணவனாகவே இருக்கிறார்?

சபதத்துக்குக் காரணம் காரே இல்லை. வடை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவு தன் கடையில் சாயங்காலம் மசால் வடை போடுவான். சோம்பு தூக்கலாக, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கொஞ்சம் மெத்தென்று. கேட்டு மூடியிருக்கும் நேரத்தில் அந்த வாசனை ரயிலையே தாமதப்படுத்தும். டாக்டரோ வீரராகவனின் தொப்பையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது, தினம் நடக்கணும்" என்று சொல்லிவிட்டார். எண்ணெய் மில் முதலாளிக்கு எண்ணெய் ஆகாதாம். மீனவனைப் பார்த்துத் தண்ணீரில் கால் வைக்காதே என்பது மாதிரி.

குணசுந்தரி அத்தோடு விடவில்லை. அமாவாசையன்று வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வியாதி கரையட்டும் என்று ஊரெல்லாம் வந்து வெல்லம் கரைக்கிற குளம். அவர் கையிலும் ஓர் அச்சு வெல்லத்தைக் கொடுத்து, படியில் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள்.

"இனிமே வடையைத் தொட்டேன்னா கார் சாவி உன் கையில. நான் நடந்தே மில்லுக்குப் போறேன். பெருமாள் சாட்சி."

பெருமாளுக்கும் அவருக்கும் ஒரே பெயர். தன் பெயரிலேயே சத்தியம் செய்துகொண்ட மாதிரிதான் என்று அவர் லேசாக எடுத்துக்கொண்டார். வெல்லம் கரைவதற்குள் சத்தியம் கரைந்தது. அடுத்த வாரமே அப்பாவு கடைக்கு முன்னால் கார் நின்றது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குணசுந்தரி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாங்க, கேட்டாண்ட ரொம்ப நேரம் நின்னீங்க போலக்குதே? ரயில் லேட்டா?"

ரசம் புரையேறியது.

"நானா? கேட்டாண்டயா? மில்லுலேருந்து நேரா ஊட்டுக்குத்தானே வந்தேன்!"

"அப்படியா. சரி. கண்ணால பாக்காத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் அவர் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் போனார். "இன்னிக்கு சீக்கிரமே கெளம்பிட்டீங்களே, வடை தீந்துபூட்டுதா?" என்றாள். நின்றது மட்டுமல்ல, எவ்வளவு நேரம் நின்றார் என்பதும் அவளுக்குத் தெரிகிறது!

எதிர் வீட்டுத் தாயாரம்மாள்தான் வேவு பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தார். அவளுக்குத் தன் வீட்டு வாசலில் நிற்பவரையே அடையாளம் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்து மில் கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பாவம், அவர் சம்பள உயர்வு கேட்டதற்குத்தான் முதலாளிக்குக் கோபம் என்று பயந்து, கேட்டதை வாபஸ் வாங்கினார். அது ஒன்றுதான் லாபம்.

உண்மை அவர் செருப்பில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அப்பாவு கடை வாசலில் காரிலிருந்து இறங்கினவர் வழுக்கி, கதவைப் பிடித்துத் தொங்கினார். காலடியில் கறுப்பாக ஒரு குட்டை, முந்தின நாள் நின்ற இடத்தில். நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்து ரோட்டோரமாகக் கறுப்புப் புள்ளிகள். ஒன்று, அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. பஜாரைத் தாண்டி, தேரடியைச் சுற்றி, அவர் வீட்டு வாசல் வரைக்கும்.

தினம் விடியற்காலை வாசலில் புள்ளி வைத்து இழுப்பவளுக்கு இந்தப் புள்ளியைப் படிக்கத் தெரியாதா? காய் வாங்க பஜாருக்குப் போகிற சாக்கில் ஒரு நடை. சின்னக் குட்டை என்றால் கொஞ்ச நேரம். பெரிய குட்டை என்றால் இரண்டாவது ஈடு வடைக்கும் காத்திருந்தார் என்று அர்த்தம்.

ஆகவேதான் அந்த ஆடி வெள்ளிச் சபதம்.

முதலில் மெக்கானிக் துலுக்காணத்திடம் விட்டார். துலுக்காணம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"எண்ணெய்த் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல கேஸ்கெட்டுன்னு ஒண்ணுக்குது மொதலாளி, தக்கையில செஞ்சது. அது பூட்டுது. வேற வாங்கி மாட்டணும்."

"மாட்டு!"

"கெடைக்கணுமே நைனா. சீமை வண்டி. மெட்ராசுல சொல்லி வச்சிக்கிறேன். அதுவரைக்கும் வண்டி அப்பப்ப இங்க இருக்கட்டும், டைட்டு பண்ணிக் குடுக்கறேன்."

வாரத்தில் இரண்டு மத்தியானம் வண்டி துலுக்காணத்திடம் இருந்தது. திரும்பி வரும். மறுபடி ஒழுகும். "சாமானே வரலியே மொதலாளி" என்பான். காரை மட்டும் பளபளவென்று துடைத்து அனுப்புவான்.

இனி இவனை நம்பிப் பயனில்லை என்று வீரராகவன் தானே களத்தில் இறங்கினார். துணி சோப்பைக் குழைத்துக் கசியும் இடத்தில் அப்பினார். அன்று மழை. கார் பஜார் முழுக்க நுரை கக்கிக்கொண்டு போனது. அடுத்து, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார். இன்ஜின் சூட்டில் அது உருகி, பிணம் எரிகிற நாற்றத்தில் ஒரு கல்யாண ஊர்வலமே மூக்கைப் பொத்தியது. கடைசியாகக் குணசுந்தரியின் முறுக்குத் தட்டைக் காருக்கு அடியில் கம்பி வைத்துக் கட்டிப் பார்த்தார். அது முதல் பள்ளத்திலேயே கழன்று உருண்டு, அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது.

"தட்டு வந்துடுச்சி. நீங்க எப்ப வர்றீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் குணசுந்தரி.

"சிரிக்காத. எண்ணெயைப் பத்தி எனக்கே சொல்றியா? பரம்பரையே எண்ணெயில ஊறினது!"

"தெரியும். டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

அப்போதுதான் வீரராகவனின் மண்டையில் அந்த மகத்தான யோசனை உதித்தது. எண்ணெயைக் கண்டால் விடாமல் குடிப்பது எது? எண்ணெய் பிழிந்து எடுத்த புண்ணாக்கு! வேறு எந்த ஊரில், வேறு எந்தத் தொழில்காரனுக்கு இது தோன்றும்? மில்லில் நல்ல கடலைப் புண்ணாக்காகப் பார்த்துத் தூளாக்கி, ஒரு சாக்கில் நிரப்பி, இன்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரிக் கட்டினார். மில் வாசலில் வெகுநேரம் நிறுத்தி வைத்தார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வீரராகவன் மீசையை முறுக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வண்டியை விட்டார்.

அவர் கவனிக்காத விஷயங்கள் இரண்டு. இன்ஜின் சூட்டில் புண்ணாக்கு வறுபட்டு ஊரெல்லாம் கமகமத்தது. தேரடிப் பள்ளத்தில் சாக்கின் ஒரு மூலை கிழிந்தது.

அப்பாவு கடை. சூடாக வடை. அவர் முதல் வடையைப் பிட்டு, ஆவியை ஊதி, கண்ணை மூடி வாயில் வைத்தார். மனிதன் பிறந்ததன் பயன் நாக்கில் தெரிந்தது.

"மொதலாளி..." என்றான் அப்பாவு. "உங்க கூட வந்தவங்களுக்கும் வடை வேணுமா?"

"கூட யாருப்பா வந்தாங்க?"

கண்ணைத் திறந்தார். காரைச் சுற்றி மாடுகள். தேரடி மாடு, பஜார் மாடு, பெருமாள் கோயில் காளை, இரண்டு எருமைகள். ரோட்டில் வரிசையாக இன்னும் வந்துகொண்டிருந்தன, அவர் போட்டுக்கொண்டு வந்த புண்ணாக்குக் கோட்டை நக்கியபடி. நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஒரு சிவப்புப் பசு பம்பருக்கு அடியில் தலையை விட்டுச் சாக்கை இழுத்தது. அந்தப் பசுவை அவருக்கு நன்றாகத் தெரியும். தினம் காலை அதன் பாலில்தான் காபி குடிக்கிறார்.

அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னாலேயே குணசுந்தரி வந்தாள்.

"கயித்தை அறுத்துக்கினு ஓடியாந்துடுச்சிங்க. எங்கடா போவுதுன்னு பின்னாலயே வந்தேன்." மாட்டைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். "சூடா இருக்குதா?"

"இது... வந்து... அப்பாவு உப்பு பாக்கச் சொன்னான்."

"நான் எங்க மொதலாளி சொன்னேன்?" என்றான் அப்பாவு. நன்றி கெட்டவன்.

குணசுந்தரி உள்ளங்கையை நீட்டினாள். அவ்வளவுதான். பெருமாள் குளத்து வெல்லம் மொத்தமும் அந்தக் கையில் இருந்த மாதிரி இருந்தது. வலது கையில் வடை இருந்ததால் இடது கையால் தடவி எடுத்து, சாவியைக் கொடுத்தார்.

"சரி, வா, வீட்டுல விட்டுடறேன். நாளைலேருந்து வேணா நான் நடக்கறேன்" என்றார் தணிந்த குரலில்.

"நீங்க ஏன் விடணும்?"

மாட்டுக் கயிற்றை அவர் கையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கார்க் கதவைத் திறந்து ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஹாரன் அடித்து எருமைகளை விலக்கினாள். அவர் ஒரு நாளும் சத்தமில்லாமல் போடாத முதல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழ, கார் வளைந்து திரும்பிப் போயே விட்டது.

கையில் வடை இருந்ததே வீரராகவனுக்கு மறந்துபோயிற்று.

பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தவர் வழியில் துலுக்காணத்தைப் பிடித்தார்.

"டேய், அவளுக்கு யாருடா கார் ஓட்டக் கத்துக் குடுத்தது?"

துலுக்காணம் தலையைச் சொறிந்தான். "வண்டி ரிப்பேருக்கு வந்துச்சே மொதலாளி, அந்த மத்தியானமெல்லாம் அம்மாவும் வருவாங்க. திருப்பாச்சூர் வரைக்கும் ஓட்டுவாங்க. நல்லாப் புடிச்சிக்கினாங்க."

"அந்தக் கேஸ்கெட்டு?"

"அது ஆயுத பூசைக்கே மெட்ராசுலேருந்து வந்துடுச்சி. அம்மாதான் வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால வச்சாங்க. நான் சொல்ற வரைக்கும் மாட்டாதேன்னாங்க. இன்னிக்கு மாட்டச் சொல்லிட்டாங்க."

மறுநாள் வாசலில் குட்டை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

வீரராகவன் நடந்தார். முதல் வாரம் முழங்கால் திட்டியது. அப்புறம் பழகிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட வேண்டி வந்தது. டாக்டர் கைகுலுக்கினார். மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் கண்ணயரும்போது குணசுந்தரி காரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய், டின் போகிற இடம் வருகிற இடம் எல்லாம் பார்த்துக்கொண்டாள். நிம்மதியாகத்தான் இருந்தது. தூக்கம்கூட நன்றாக வந்தது.

அப்படி ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பளிச்சென்று உறைத்தது. நடக்கிற மனுஷன் ஒழுகமாட்டான்! புள்ளியும் கிடையாது, குட்டையும் கிடையாது, மாடும் வராது. அவரை யார் கண்டுபிடிக்க முடியும்?

கால்கள் தாமாகவே ரயில்வே கேட்டுப் பக்கம் திரும்பின.

"வாங்க மொதலாளி!" அப்பாவு இலையைப் போட்டான். தண்ணீர் தெளித்தான். பெரிய கரண்டியில் எதையோ எடுத்து வைத்தான். ஆவி பறந்தது. வெள்ளையாக இருந்தது.

"இது இன்னாப்பா?"

"இட்லி."

"வடை?"

"நம்ம கடைக்கு எண்ணெய் எங்கேருந்து வருது மொதலாளி?"

"என் மில்லுலேருந்து."

"மில்லு உங்களுது. டின்னு அனுப்பறது அம்மா. உங்களுக்கு ஒரு வடை வச்சாலும் மறுநாள் டின்னு வராதுன்னுட்டாங்க. தொட்டுக்க காரச் சட்னி தரட்டுமா?"

அப்போது பின்னால் ஒரு ஹாரன் சத்தம். கறுப்புக் கார் துடைத்து விட்ட மாதிரி மின்னிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. ஜன்னலிலிருந்து வளையல் கை ஒன்று அசைந்தது.

வீரராகவன் எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

இலையிலும்தான்.