இருபத்தாறாரின் கெசட்

இனக்கலவரத்துக்குப் பிந்திய அந்த நாளில் கண்டி வாவியைச் சுற்றிக் குடியிருந்த தமிழர்களில் சத்தமாகத் தும்மியவர்கூடக் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் வாய்க்குப் பூட்டு, இறங்கினால்தான் திறப்பு. அந்தக் காலத்தில் ஒரு மனிதர் மட்டும் நாள் தவறாமல் பின்னேரம் ஐந்தரை மணிக்கு, சரியாக இருபத்தாறு நிமிஷத்துக்கு, கூரையைப் பிரித்து எறிகிற சத்தத்தை ஓட விட்டுக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? நான் கண்ட மனிதர்களிலேயே மிக அமைதியானவர் அவர்தான் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டும்.

எங்கள் போர்டிங்கில் அவர் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இருபத்தாறார் என்றால் போதும். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர். நெற்றியில் திருநீறு அழியாது, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாது. வெள்ளிக்கிழமைகளில் முட்டை இருக்கிற மேசையில்கூட உட்காரமாட்டார். அவர் வெறுங்கையால் இழுத்த கோட்டைப் பார்த்தால் அடிமட்டத்துக்கே வெட்கம் வரும்.

நான் தெல்தோட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு அங்கே குடிவந்த முதல் நாள். கலவரம் கண்ட உடம்பு. தோட்டத்து லய வீடுகளுக்குக் கல் விழுந்தபோது தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். ஐந்தரைக்கு மாடியில் தகரம் கிழிகிற சத்தமும், அதற்கு மேலே ஒரு ஆள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற சத்தமும் கேட்டதும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். உயிர் போனாலும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு மிஞ்சட்டும் என்று ஒரு கணக்கு.

வீட்டுக்காரர் ஹாஜியார் வந்து கதவைத் தட்டினார்.

"வெளிய வாங்க தம்பி. கலவரம் ஒண்டும் இல்ல. அது இருபத்தாறார்ட பாட்டுக் கெசட். இன்னும் பன்னண்டு நிமிஷம் ஈக்கி."

அந்த வீட்டில் கடிகாரமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. முதல் பாட்டுக்கு அரிசியை அடுப்பில் போட்டால் கடைசிப் பாட்டுக்குச் சோறு பதம். கரண்ட் போன நாட்களில் மனிதர் பழைய பெட்டரிகளை மதிலில் வரிசையாக வெயிலில் காயவைத்து, அவற்றைக் கெசட் போடுகிற செட்டில் போட்டு நேரத்துக்கு ஓடவிடுவார்.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். கதிரையைத் தந்துவிட்டு, தான் கட்டில் விளிம்பில் தேவாரம் கேட்கிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து பொத்தானை அமர்த்தினார். வந்தது பாட்டு அல்ல. ஒரு இளைஞனின் குரல்.

"அண்ணை, நான் சுகமாய் இருக்கிறன். இங்க சரியான குளிர். ஒரு கடையில வேலை கிடைச்சிட்டுது. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ..." இப்படி ஒன்றரை நிமிஷம். பிறகு கொஞ்சம் மௌனம். "வேற என்ன..." என்றது குரல். டிக் என்றது. அடுத்த நொடி இடி விழுந்தது.

அப்போதெல்லாம் வெளிநாடு போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். லண்டனுக்குப் போன தம்பி புதுக் கெசட் வாங்க வசதியில்லாமல், யாரோ தூக்கிப்போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக் கெசட்டில் மேலே பதியாமல் தடுக்கிற ஓட்டையில் டேப் ஒட்டி, அதன் தலைமாட்டில் பேசியிருக்கிறான். மிச்சப் பாட்டு அப்படியே கிடந்துவிட்டது. இது எனக்கே விளங்கியது. ஆனால் இருபத்தாறார் முதல் மூன்று நாளும் முழுவதையும் கடிதம் என்றே நினைத்தாராம். தம்பி வாயால் சொல்ல முடியாததை ஆள் வைத்துச் சொல்லியிருக்கிறான் என்று, அகராதியும் கையுமாக உட்கார்ந்து கத்தலை எழுதி எடுக்கப் பார்த்திருக்கிறார்.

"இப்ப தெரியுந்தானேண்ணே, அது வேற பாட்டுன்னு?" என்றேன்.

"ஓம், தெரியும். ஆனா கேட்டுப் பாரும். இவ்வளவு கோவத்திலயும் ஒருத்தனும் தாளம் பிசகேல்லை. எல்லாரும் ஒண்டாய்ப் பாய்ஞ்சு ஒண்டாய் நிக்கினம்."

அலுமாரியிலிருந்து ஒரு கட்டத்தாளை எடுத்து விரித்தார். பதினான்கு பாட்டையும் கோடாகக் கீறி வைத்திருந்தார். எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது, எங்கே மூச்சு எடுக்கிறான் எல்லாம். நான் அதை மலைத்தொடர் என்று நினைத்து ஹந்தானையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெருந்தன்மை.

அந்தக் கெசட்டுக்குப் பிறகு தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடிதமும் இல்லை. உலகத்தில் அந்தக் குரல் இருந்தது அந்த ஒன்றரை நிமிஷத்தில் மட்டும்தான்.

நான் கேலி பண்ணித்தான் தொடங்கினேன். இரண்டாவது வாரம் சவரம் செய்யும்போது கால் தானாகத் தட்டியது. ஒரு மாதத்தில், ஐந்தரைக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்று மார்க்கெட்டிலிருந்து ஓடிவர ஆரம்பித்தேன். ஒரு சொல் விளங்காது. ஆனால் பகல் முழுவதும் நான் விழுங்கியதையெல்லாம் எங்கோ ஒருவன் எனக்காகக் கத்துகிறான் என்று தோன்றும். முடிந்ததும் காது மட்டுமல்ல, நெஞ்சும் கழுவிவிட்டமாதிரி இருக்கும்.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்த வாரம், ஒரு ஞாயிறு காலை பொலிஸ்காரர்கள் போர்டிங்கைச் சோதனை போட வந்தார்கள். அவர்கள் கையில் அகப்பட்டது ஒரு கெசட், அதில் ஒருத்தன் தமிழில் பேசுகிறான், "வேற என்ன" என்கிறான், உடனே யுத்தம் தொடங்குகிறது. போதாததற்கு மலைப்படம் மாதிரி ஒரு தாள் வேறு. செட்டையும் கெசட்டையும் தாளையும் இருபத்தாறாரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சிங்களம் நன்றாக வரும் என்று நான் எப்போதோ பெருமையடித்ததை ஹாஜியார் நினைவு வைத்திருந்ததால், மொழிபெயர்க்க என்னையும் ஏற்றினார்கள்.

இன்ஸ்பெக்டர் மேசைமேல் செட்டை வைத்து முழுவதையும் கேட்டார். இருபத்தாறு நிமிஷம். என் முழங்கால்கள் தாளத்துக்கு ஆடியதை ரசனை என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் ஒன்பதாவது பாட்டில் வாசலில் நின்ற கான்ஸ்டபிளின் சப்பாத்து ஆடியது ரசனையேதான்.

ஒன்றும் பிடிபடாமல் இன்ஸ்பெக்டர் கெசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றினார். மறுபடி கேட்க நினைத்து, பழக்கமில்லாத செட்டில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினார். அதில் ஒன்று சிவப்பு. பதிகிற பொத்தான். கெசட் ஓடத் தொடங்கியது, தம்பியின் குரலைத் தின்றுகொண்டு.

"விடுமைய்யா!"

சுவர் அதிர்ந்தது. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறார் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கெசட்டில் கத்துகிறவனின் அதே தொண்டை, அதே வேகம். ஏட்டைப் புரட்டிய கை, தேநீர் கொண்டுவந்த கால், இன்ஸ்பெக்டரின் விரல், எல்லாம் ஒன்றாய் நின்றன. அடுத்த கணம் இன்ஸ்பெக்டர் பொத்தானைத் தட்ட, கெசட்டும் நின்றது. அவ்வளவு ஆயுதங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் நடுங்காமல் நின்றதை நான் இன்றைக்கும் வாய் பிளந்துதான் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு நாக்கு வந்தது. அது இவருடைய தம்பியின் குரல், இருப்பது இது ஒன்றுதான் என்று சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் செட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு, அந்தத் தம்பிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார். இருபத்தாறாரிடம் சொன்னேன்.

அவர் திருநீற்றைச் சரிசெய்துகொண்டு, பழைய மெல்லிய குரலில் சொன்னார்: "சரியான குளிர் எண்டு சொல்லும்."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் கெசட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஐந்தரைக்குப் போட்டுப் பார்த்தோம். போனது "அண்ணை, நான்" என்ற இரண்டு சொல்தான். அந்த இடத்தில் இவருடைய அலறல் பதிந்திருந்தது. அன்றிலிருந்து கெசட் இப்படித் தொடங்கியது: "விடுமைய்யா!" உடனே, "சுகமாய் இருக்கிறன். இங்க சரியான குளிர்..." இருபத்தாறார் கண்ணை மூடிக் கேட்டார். தான் கூப்பிட்டதற்குத் தம்பி பதில் சொன்னமாதிரி இருக்கிறது என்றார்.

யுத்தத்தில் மூடியிருந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த ஒரு சமயம் மாற்றல் எடுத்து வடக்கே போனார். கெசட் சட்டைப்பையில், இடப்பக்கம். அதன்பின் அவரைப் பற்றியும் ஒரு சத்தமும் இல்லை.

போன மாதம் குண்டசாலை வீட்டில் என் மகன் கைபேசியில் ஏதோ போட்டான். இரண்டாம் பாட்டிலேயே எழுந்துவிட்டேன். அவன் பிறக்கமுன் வந்ததாம், ஹார்ட்கோர் பங்க் என்று பெயராம், இன்னும் உலகமெல்லாம் பெடியன்கள் விழுந்து விழுந்து கேட்கிறார்களாம். அடுத்து எங்கே நிற்பார்கள், எங்கே மூச்சு எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது என்று பிள்ளை பயந்துபோனான்.

முதல் ஒன்றரை நிமிஷம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அங்கே வெறும் பாட்டுத்தான் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் பொத்தானை அமர்த்துமுன், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானே சொல்லிக்கொள்கிறேன்: அண்ணே, நான் சுகமா இருக்கேன். இங்க குளிர் ஒன்னும் அவ்வளவு இல்ல. வேற என்ன...