என் மனைக்கு நீலம் அடித்த மருமகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. காரணம், உங்கள் மகள்.

நகரமைப்பு அலுவலகத்தில் மருமகளுக்கு வேலை என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவன் நான். நேற்று அங்கே மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். முன்வரிசையில் போய் உட்கார்ந்தால், சுவர் நிறைய வரைபடம், உங்கள் மகள் கையில் குச்சி. "நீலம் அடிச்சது எல்லாம் வெள்ளம் வந்தா ஆறு ஒதுங்குற இடம். இங்க யாரும் வீடு கட்டக் கூடாது" என்கிறாள். பார்த்தால் நீலத்துக்கு நடுவில், ஐயோ, என் மனை! நாம் இருவரும் அடுத்தடுத்து வாங்கினோமே, அதேதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கடைசிக் காலத்துக்கென்று வாங்கிய ஒரே சொத்து. எழுந்து, "ஏம்மா, பத்திரம் என் பேர்ல இருக்கு, ஆத்துகிட்ட என்ன பத்திரம் இருக்கு?" என்றேன். "வருஷா வருஷம் அதுதானே மாமா வந்து தங்கிட்டுப் போகுது, நீங்க ஒரு நாளாவது தங்கியிருக்கீங்களா?" என்கிறாள்! கூட்டமே சிரிக்குது. முதல்ல கைதட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? நான் பெத்த பிள்ளை! உங்க மனையை மட்டும் விட்டிருப்பா, பெத்த அப்பாவாச்சே. எனக்குத்தான் நீலம்.

விடுவேனா? மனை காய்ந்து கிடப்பதைப் படம் பிடித்து ஆட்சேபணை மனுவோடு இணைக்க, இன்று காலை மடக்கு நாற்காலியும் கையுமாகப் போட்டோக்காரரை இழுத்துக்கொண்டு வந்தேன். தூறல்தான். அப்புறம் கொஞ்சம் மழை. நாற்காலி தானாக நகர ஆரம்பித்தது. தரை சமமாக இல்லை, அவ்வளவுதான். போட்டோக்காரர், "சார், நீங்க சிரிங்க, நான் கிளம்புறேன்"னு ஓடிட்டார். நான் காற்று வாங்கலாமென்று, மனைக்கு ஒன்றாக நாம் கட்டிய மோட்டார் அறைகளில் என்னுடையதன் மேல் ஏறி, மனுத் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். மனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் மகளைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேளுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நொந்துபோன உங்கள் சம்பந்தி

பி.கு.: ஒன்றும் கேட்க வேண்டாம். போட்டோக்காரர் போய்ச் சொல்ல, படகோடு வந்து என்னை இறக்கியது அவள்தான். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். திட்டவில்லை, தன் மழைக்கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. மனையை ஆற்றுக்கே விட்டுவிட்டேன். "எங்க அப்பா மனையும் நீலம்தான் மாமா. அவர்கிட்ட சொல்ல எனக்குப் பயமா இருக்கு, நீங்களே எழுதிடுங்க" என்றாள். எழுதிவிட்டேன். வருகிற வழியில் உங்கள் மோட்டார் அறையைத் தேடினோம். காணோம்.