விமலுக்கு வராத ரிவர்ஸ்

“பின்னாடி போங்க,” என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

விமல் முன்னாடி போனான்.

வரிசையாக நட்டிருந்த மூங்கில் கம்புகளில் இரண்டைச் சாய்த்துவிட்டு ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் கீர்த்திவாசன் கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதினார். அது நீளமான சொல் அல்ல.

“ரிவர்ஸ்னா பின்னாடிங்க தம்பி.”

“தெரியுங்க சார். போட்டுப் பழக்கம் இல்லைங்க.”

“வண்டி ஓட்டியாவது பழக்கம் உண்டுங்களா?”

உண்மையைச் சொல்வதா என்று விமல் யோசித்தான். கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் அவன் ஆறு ரேஸ் ஓட்டி நான்கில் ஜெயித்தவன். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, நான்கு சக்கரமும் வெளியே தெரிகிற கார் அது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவனை, ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் உள்ளே உட்கார வைத்தார்கள். காய்ச்சல் தீர்ந்து அவர் திரும்பி வந்தபோது அவருக்கு அங்கே இடமில்லை.

“இவனை இங்கிலாந்துக்கு அனுப்புனா நாலே வருஷத்துல ஃபார்முலா ஒன்,” என்று சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் சொன்னார். அனுப்புவதாக ஒரு டீத்தூள் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து டீ விலை விழுந்தது. கம்பெனி முதலில் விளம்பரத்தை நிறுத்தியது, பிறகு விமலை நிறுத்தியது. அவன் பந்தலூருக்கே திரும்பிவிட்டான். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் எப்போதும் மழை என்று கேள்விப்பட்டிருந்தான். மழைக்குப் பந்தலூரே போதும்.

ஒரே சங்கடம், அந்தக் காரை யாரும் பின்னால் ஓட்டுவதில்லை. தடத்தை விட்டு மண்ணில் இறங்கினால் நாலு பேர் ஓடிவந்து தள்ளிவிடுவார்கள். அங்கே ரேஸ் சங்கத்தின் அட்டை இருந்தால் போதும். சாலையில் ஓட்டுகிற லைசென்ஸை யாரும் கேட்டதில்லை, இவனும் வாங்கியதில்லை.

“கொஞ்சம் பழக்கம் உண்டுங்க சார்.”

“ஏழு நாள் கழிச்சு வாங்க.”

ஏழு நாள் கழித்து என்றால் அக்டோபர் இருபத்தி நான்கு. அதிலும் தவறினால் முப்பத்தொன்று. அதற்கு மேல் விமலிடம் தேதி இல்லை. முப்பத்தொன்றாம் தேதியோடு அவன் அம்மா தெய்வம்மா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது எஸ்டேட் வேலை இருந்தால்தான் வீடு தங்கும். டீ விலை கிடந்த கிடப்பில், இரண்டாயிரத்து ஒன்றில் ஹார்ட்வெல் எஸ்டேட் புதிதாக ஆளே எடுக்கவில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரைத் தேடித்தான் மாதத் தொடக்கத்தில் ஹெட் கிளார்க் நஞ்சப்பன் லயத்துக்கே வந்திருந்தார்.

“ஏனுங்க, உங்க பையன் ரேஸ்ல ஓட்டுனவன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?”

தெய்வம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ரேஸில் ஜெயித்தேன் என்று மகன் முதல் கடிதம் போட்டபோதே, ‘அந்தப் பழக்கம் குடும்பத்த அழிச்சிரும் சாமி, விட்டுரு’ என்று பதில் எழுதச் சொன்னவள் அவள்.

“அதெல்லாம் இப்ப விட்டுட்டானுங்க ஐயா.”

“அட, விடக் கூடாதுங்க. மேக்காட்டு இலையை ஃபேக்டரிக்குக் கொண்டு வர்றதுக்கு, ரேஸ்ல ஓட்டுன ஆளுதான் வேணும்னு தொரை ஒத்தக் கால்ல நிக்கறாரு.”

விமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். இலை சூடேறிச் சிவப்பதற்குள் ஃபேக்டரிக்கு வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு வேகம் தெரிந்த ஆள் வேண்டும் என்பது தெரிந்த ஒரு துரையை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

“எடை எத்தனைங்க?” என்றார் நஞ்சப்பன்.

“ஐம்பத்தி ரெண்டுங்க.” ஓட்டுகிறவனின் எடையைக் கேட்கிறார் என்றால் விஷயம் தெரிந்தவர்தான்.

“பலே. ஒருத்தர்தான் உக்கார முடியும், பாத்துக்கங்க. மூட்டையும் ஏத்தோணும்.”

“நான் ஓட்டுனதும் அப்படித்தாங்க. ஒத்த சீட்டு.”

“விழுந்திருக்கீங்களா?”

“ஒரே தடவைங்க. தோள்பட்டை எலும்பு போச்சு. ரெண்டு மாசத்துல திரும்ப ஏறிட்டேன்.”

“கட்டுக்கு அடங்காம இழுத்துட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?”

“பதறிப்போயி இறுக்கிப் பிடிக்கக் கூடாதுங்க. லேசா விட்டு, அது போற பக்கமே போயி, அப்பறமாத்தான் திருப்பணும்.”

நஞ்சப்பன் தெய்வம்மாவைப் பார்த்தார். “தொரையும் இதையேதான் சொன்னாருங்க, அட்சரம் பிசகல. முப்பத்தொண்ணாந் தேதி ஊட்டியில இருந்து வந்து எறங்கிரும். ஒண்ணாந் தேதி காலையில ஆபீசுக்கு வந்துருங்க தம்பி.”

“புதுசுங்களா?”

“எட்டு வருசம் ஆச்சுங்க. ஆனா ஓட்டம் கொறையல.”

லைசென்ஸைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ரேஸ்காரனிடம் அது இல்லாமலா இருக்கும் என்ற மரியாதை என்று விமல் எடுத்துக்கொண்டான். இல்லை என்று சொல்லி அந்த மரியாதையைக் கெடுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

“ரிவர்ஸ்தானே மாப்ளே, ஆறே நாள்ல சரி பண்ணிரலாம்,” என்றான் தனசிங். பந்தலூர் ஸ்டாண்டில் ஜீப் வைத்திருப்பவன். பரீட்சைக்கு விமல் எடுத்துப் போனது அவனுடைய ஜீப்தான்.

ஆறு நாளும் சேரம்பாடி சாலையில் இருவரும் பின்னாலேயே போனார்கள், பின்னாலேயே வந்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஜீப்பு வருதா போகுதா, ஒண்ணச் சொல்லுங்க, நான் டீ ஆத்தணும்,” என்றார். மூன்றாம் நாள் விமலுக்கு ஒன்று புரிந்தது. ஒரு வளைவை எங்கே தொட்டு எங்கே விட வேண்டும் என்பது முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு தனசிங் கண்ணைத் திறந்துகொண்டு உட்காரவில்லை.

இருபத்தி நான்காம் தேதி, “பின்னாடி போங்க,” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் கம்புகளின் கோடியில் நின்றார். விமல் போனான். மூன்றாவது கம்பைத் தாண்டும்போதே ஜீப்பின் சத்தம் வேறாக இருந்தது. ஒரு கம்பும் அசையவில்லை. ஜீப் நின்றபோது இன்ஸ்பெக்டரைக் காணவில்லை.

“தம்பி,” என்று தேயிலைச் செடிக்குள்ளிருந்து குரல் வந்தது. “உங்களுக்கு ரிவர்ஸ் வந்துருச்சு. எனக்கு உசுரு போயி இப்பத்தான் வந்துச்சு. ஏழு நாள்.”

தெய்வம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். “அண்ணன் ஊட்டுக்குத் திருப்பூர் போயிரலாம் சாமி. பனியன் கம்பெனியில யாரும் ரிவர்ஸ் கேக்க மாட்டாங்க.”

“சாக்கை அவுத்து வைம்மா,” என்றான் விமல். ஆனால் அவனே ஒரு சாக்கின் முடிச்சைச் சரிபார்த்து இறுக்கினான்.

தனசிங் இந்த முறை வேறு வழி கண்டுபிடித்தான். பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்து, ஆக்ஸிலேட்டருக்கு அடியில் வைத்துக் கட்டினான். “இனி நீ எந்திரிச்சு நின்னு மிதிச்சாலும் ஜீப்பு மாட்டு வண்டி வேகம்தான்.”

முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்து மழை. இன்ஸ்பெக்டர் இம்முறை வெளியே நிற்கவில்லை. விமலுக்குப் பக்கத்திலேயே ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல ஏத்தம். அந்த மேட்டுல ஏறி, பாதியில நிறுத்தி, திரும்ப எடுங்க.”

பாதி வரை ஜீப் ஏறியது. நிறுத்தினான். எடுத்தான். செருப்பு விடவில்லை.

“ஏறுங்க தம்பி.”

“ஏறிட்டுத்தான் இருக்கேன் சார்.”

“நாம பின்னாடி போயிட்டு இருக்கோம்.”

“ஆமாங்க சார்.”

ஈர மண்ணில் பிரேக்கை இறுக்கினால் ஜீப் சறுக்கிச் செடிக்குள் போகும். அதனால் விமல் லேசாக விட்டான். அது போகிற பக்கமே போனான். பிறகு திருப்பினான். மேட்டிலிருந்து இறங்கி, கீழே இருந்த மூங்கில் கம்புகளின் நடுவே புகுந்து, வளைந்து, இன்ஸ்பெக்டர் கோடியில் நிறுத்தியிருந்த மோட்டார் பைக்குக்கு ஒரு சாண் முன்பாக ஜீப் மெல்ல வந்து நின்றது.

கீர்த்திவாசன் கண்ணைத் திறந்து கம்புகளை எண்ணினார். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. பைக்கையும் ஒருமுறை பார்த்தார்.

“ஏத்தம் ஃபெயிலுங்க,” என்றார். “ஆனா இப்படி ஒரு ரிவர்ஸ நான் பாத்ததில்ல. இன்னொரு புதன்கெழம உங்களத் தாங்கறதுக்கு எனக்குத் தெம்பும் இல்ல.”

கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் தெய்வம்மா மகன் நெற்றியில் திருநீறு பூசி, சட்டைப் பையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து அனுப்பினாள். ஆபீசில் நஞ்சப்பன், வேலையாட்களின் பெயர் பதிகிற செக்ரோலில் முதல் காரியமாக அவன் பெயரை எழுதினார். லயத்து வீடு தங்கிவிட்டது. விமலுக்கு அந்த நிமிஷம் இங்கிலாந்து, ஃபார்முலா ஒன் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

“லைசென்ஸுங்க,” என்று எடுத்து நீட்டினான்.

நஞ்சப்பன் அதைப் புரட்டிப் பார்த்தார். “போட்டோ நல்லாருக்குதுங்க,” என்று திருப்பிக் கொடுத்தார். “இது எதுக்குங்க இப்ப?”

தன்னை அவ்வளவு நம்புகிறார் என்று விமலுக்கு நெஞ்சு நிறைந்தது.

இருவரும் ஷெட்டுக்கு நடந்தார்கள். முன்பு டிராக்டர் நின்ற இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறையின்மேல் வைக்கோல் பரப்பியிருந்தது. சிந்தின எண்ணெயை வைக்கோல் போட்டு எடுக்கிறார்கள், நல்ல மெக்கானிக் இருக்கிற இடம் என்று விமல் நினைத்துக்கொண்டான்.

அப்போது ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து, ஊறவைத்த கொள்ளு வாளியோடு, ஒரு காலை நொண்டிக்கொண்டு வாட்ச்மேன் அய்யாவு வந்தார்.

“ஊட்டி ரேஸ்ல ஓட்டுனவரு நீங்கதானா தம்பி? சட்டுனு வந்து ஏறுங்க, நேத்து எறங்குனதுல இருந்து ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேங்குது. முன்னாடி எம்புட்டு வேகம் வேணும்னாலும் போகும், ஆனா குதிரைக்கு ரிவர்ஸ் மட்டும் கெடையாதுங்க.”