அத்தான், உங்கள் சகலையின் ஓட்டத்தை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் கொழுந்தியாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன்.

விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளுக்கான கவுன்டரில் நான் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் தொலைப்பது யாரோ, திட்டு வாங்குவது நான். இந்த வருஷம் புதிதாக ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பெட்டிகளைத் தன் இஷ்டத்துக்கு ஊர் சுற்ற அனுப்பியது. மாப்பிள்ளை ஒரு பக்கம் இறங்கினார், அவருடைய கல்யாணக் கோட்டு வேறொரு பக்கம் இறங்கியது. கவுன்டருக்கு முன்னால் நின்ற வரிசை வாசல்வரை போய் வளைந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தே கத்தினார்கள். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் அந்தக் கூச்சல் ஓயவில்லை. தூக்கத்தில் உங்கள் சகலையை உலுக்கி, "உங்க பெட்டி என்ன நிறம் சார்? சக்கரம் இருக்கா?" என்று கேட்டேனாம். அவரும் பாவம், பயந்துபோய் "நீலம்" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் கணினியில் என் பெயரையே தப்பாகத் தட்டினேன். எழுந்து போய்ப் பின்னாலிருந்த கிடங்கில், யாரும் கேட்டு வராத பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அதை அக்காவிடம் சொல்ல, அக்கா உங்களிடம் சொல்ல, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாரான நீங்கள் போனில், "இதோ பாரும்மா, தினமும் காலைல கொஞ்சம் ஓடு. வேகமே வேண்டாம். பேச முடியற வேகம் போதும்" என்றீர்கள். வினை அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது, அத்தான். அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் தெருமுனையைத் தொடுவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் பாதி தூக்கிய ஷட்டரோடு நின்று, "என்னாச்சு மேடம்? யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டார். மூச்சிரைக்க, "ஆபீஸ்" என்றேன். மனிதர் நிஜமாகவே எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆனாலும் விடாமல் ஓடினேன். சில வாரங்களில் என்னமோ நடந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்காலை ஒட்டிய பாதையில் பனிமூட்டம் இடுப்பளவுக்குக் கிடக்கும். தெருவிளக்குகள் அணைய மனமில்லாமல் மஞ்சளாக மிதக்கும். என் காலடிச் சத்தம் மட்டும் யாரோ தூரத்தில் மெத்தை தட்டுவதுபோலக் கேட்கும். அப்போது தலைக்குள் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கன்வேயர் பெல்ட்டில் ஏறி உட்கார்ந்து, அந்த ரப்பர் திரைக்குப் பின்னால் மெதுவாகப் போய்விடுவார்கள். திரை கொஞ்ச நேரம் ஆடும். அப்புறம் அதுவும் நின்றுவிடும். ஒருநாள் அந்த மயக்கத்திலேயே ஓடி, பார்த்தேயிராத ஒரு குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். கையில் போனும் இல்லை, காசும் இல்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளிடம் "இது எந்த இடங்க?" என்று கேட்டேன். அவர் எனக்காக மனம் இறங்கி, கீழேயும் இறங்கி வந்து, டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தொலைந்ததைத் தேடித்தரும் உத்தியோகத்தில் இருக்கிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இயந்திரம் திருந்தவில்லை, வரிசையும் குறையவில்லை. எனக்குத்தான் காது திறந்தது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் ஒருவர் வந்து கவுன்டரைக் குத்திக் கத்தினார். முன்பென்றால் எழுந்து கிடங்குக்கு ஓடியிருப்பேன். அன்றைக்கு மூச்சு தன்பாட்டுக்கு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. "உட்காருங்க சார். பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றேன். அவர் பொத்தென்று உட்கார்ந்து, "என் ஆயுதமெல்லாம் அதுலதாம்மா இருக்கு. நாளைக்குக் கச்சேரி. அது இல்லாம நான் வெறுங்கை" என்றார். கிடங்கையே புரட்டி, தவறான சீட்டு ஒட்டியிருந்த அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. சுருதி பார்க்கும் ஓர் இரும்புக் கவையை எடுத்து முழங்காலில் தட்டி என் காதருகே பிடித்தார். மெல்லிய ஒரே ஒரு ஒலி. மறுநாள் ஓடும்போது அது வாய்க்கால்வரை என்னோடு வந்தது.

இத்தனை நன்மைக்கும் உங்களுக்குக் கோடி நன்றி. இப்போது வழக்குக்கு வருகிறேன். என் முகம் தெளிந்ததைப் பார்த்து உங்கள் சகலைக்கும் ஆசை வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கும் மனிதர் அவர். வீட்டில் சம்பளமில்லாமலே சொல்லுவார். வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஓடி வருகிறார். வலது பக்கம் பாலம் என்றால் அதன் வளைவு ஏன் அப்படி, இடது பக்கம் குப்பைத்தொட்டி என்றால் அதற்கு முன் மனிதர்கள் குப்பையை எங்கே போட்டார்கள் என்று ஒரே விளக்கம். "கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றால், "உன் அத்தான் என்ன சொன்னார்? பேச முடியற வேகத்துல ஓடணும்னாரா இல்லையா? நான் பேசிட்டு வர்றேன்னா சரியான வேகத்துல ஓடறேன்னு அர்த்தம்" என்கிறார். பனிமூட்டம்கூட அவரைக் கண்டால் விலகிவிடுகிறது. தலைக்குள் இருப்பவர்கள் பெல்ட்டில் ஏறாமல் நின்று அவர் சொல்வதைக் கேட்கிறார்கள்! ஆகவே நீங்கள் உடனே போன் செய்து, அவருடைய முழங்காலுக்கு ஓட்டம் ஆகாது, ஆயுசுக்கும் கூடாது என்று வாத்தியார் குரலில் கண்டிப்பாகச் சொல்லவும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, என்னைப் போலல்லாமல் சிறுவயதிலேயே ஓடப் பழகட்டும்.

இப்படிக்கு,
அமைதியை வேண்டும்
உங்கள் கொழுந்தியாள்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்த அன்று அலுவலகத்தில் எங்கள் கவுன்டரில் பாதிப் பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். அந்தப் பாதியில் நான் உண்டா இல்லையா என்பது இன்னும் தெரியாது. வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஓடும்போது கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. அவர் பக்கத்திலேயே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட அமைதி கிடைத்தது அத்தான், ஆனால் தாங்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்று பனிக்குள் நின்றது. "அதை யாரு கட்டினாங்க?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "அது பெரிய கதைம்மா" என்றார். "சொல்லுங்க, மெதுவாவே போலாம்" என்றேன். வீடு வரும்வரை சொன்னார், ஒன்றும் மனதில் நிற்கவில்லை, சுகமாக இருந்தது. தயவுசெய்து போன் செய்துவிடாதீர்கள்.