ஸ்கேன்காரர் வரைந்த மூன்று கால் மயில்

உலகத்தில் எழுதப்படுகிற வைரஸ்கள் அத்தனையும் ஆரணியில் ஒரே ஒரு வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டுதான் கிளம்பி வருகின்றன என்று மனதார நம்பிய ஒரே மனிதர் ஸ்கேன்காரர். பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ ஆஸ்பத்திரி வைத்திருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்துத்தான் வெம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, மாமியாரோடு அவர் வாசலில் வந்து நின்றாள். "இங்க கம்ப்யூட்டருக்கு மட்டுந்தாம்மா ஸ்கேன்" என்றார் இவர். அந்தப் பெண்ணின் அவஸ்தையைப் புரிந்துகொண்டு உள்ளே கூட்டிப்போய் பாத்ரூமைக் காட்டிய புண்ணியம் அவர் மனைவி வள்ளி அக்காவைச் சேரும்.

நான் அப்போது ஆரணியில் ஓர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே ஹாலில் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். திரையில் கட்டம் கட்டமாகக் கொடி, அன்னம், மாங்காய் என்று வரைவார். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் மாட்டினால் சேலையில் அதே கொடி விழும். மாதக்கணக்கில் முதுகு ஒடிய வரைந்ததை எவனாவது கம்ப்யூட்டருக்குள் புகுந்து நகல் எடுத்துவிட்டால் மறுவாரமே அது அடுத்தவன் தறியில் ஏறிவிடும். ஆகவே அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பயத்தை அவர் வளர்த்த மாதிரி யாரும் பெற்ற பிள்ளையைக்கூட வளர்த்திருக்க மாட்டார்கள்.

பென் டிரைவ் கொண்டுவருகிறவர்கள் அதைச் செருப்பு மாதிரி வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அதற்காகவே கொல்லைப்புறம் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். எந்த பென் டிரைவாக இருந்தாலும் முதலில் அதில் சொருகி, மெஷின் செத்துப்போகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பலியாடு'. வள்ளி அக்கா பாவம், தினமும் காலையில் பலியாட்டின் மேல் இருக்கும் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். பெரிய கம்ப்யூட்டரில் கேமரா இருக்கும் இடத்தில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் திரைக்குக் கல்யாணம் ஆனது போலவே இருக்கும்.

போதாக்குறைக்கு, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தார். ஒன்றுக்கொன்று ஆகாது. இது அதைத் திருடன் என்று காட்டிக்கொடுக்கும், அது இதைத் திருடன் என்று காட்டிக்கொடுக்கும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"ரெண்டு மாமியார் இருக்கற வூடு சார் இது. மருமவ தப்பு பண்ண முடியாது" என்பார் பெருமையாக.

"மருமவ வேலையும் செய்ய முடியாதுங்களே" என்பார் வள்ளி அக்கா சமையலறையிலிருந்து.

சொந்தச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவர் போகாத கதை இன்னும் மோசம். சித்தப்பா அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஃபைலைத் தொட்டால் போனே போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்த இவர், திறக்காமலே அழித்துவிட்டு, சித்தப்பாவின் நம்பரையும் பிளாக் செய்தார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் சித்தப்பா வீட்டுக்கே வந்து வாசலில் நின்று கத்தினார். "நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சிருந்தா வைரஸ் வருமா சித்தப்பா? நீங்க இன்னாத்துக்குப் போன்ல அனுப்புனீங்க?" என்று இவர் திருப்பிக் கேட்டதில் அந்த உறவு அன்றோடு முடிந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சலித்துத்தான் வள்ளி அக்காவின் தம்பி பாபு ஒருநாள் வந்தான். பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். நல்ல பேச்சுக்காரன். "ரெண்டு போட்டா ஒண்ணையொண்ணு கடிச்சிக்கும் மாமா. ரெண்டையும் தூக்கிடறேன். எங்கிட்ட ஒரிஜினல் ஒண்ணு கீது, உங்களுக்கு எம் பரிசு" என்று சொல்லி, அரை நாள் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் மான் மாதிரி ஓடியது. மூலையில் ஒரு பச்சை டிக். 'உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக உள்ளது'. ஸ்கேன்காரர் அந்தப் பச்சை டிக்கைக் கோபுர தரிசனம் மாதிரி தினம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊரெல்லாம் போய், "நம்ம மெஷினுக்குள்ள ஈ, காக்கா நுழையாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாய்தான் அவருக்கு எமனாக வந்தது.

அந்தச் சமயம் அவர் ஓர் அன்னக் கொடி பார்டர் வரைந்துகொண்டிருந்தார். ஆர்டர் கொடுத்தவர் அவருக்குப் பல வருஷமாக வேலை தந்துவந்த ஒரு பட்டு முதலாளி. டிசைன் முடிந்து மாதம் ஒன்றாகியும், இவர் திருத்திக்கொண்டே இருந்ததில் இன்னும் முதலாளி கையில் போய்ச் சேரவில்லை. அதற்குள் நானும் ஸ்கேன்காரரும் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மேடையில் மொய்க் கவரோடு வரிசையில் நின்றிருந்தவர், திடீரென்று குனிந்து மணப்பெண்ணின் சேலைக் கரையை இரண்டு கையாலும் தூக்கி உற்றுப் பார்த்தார்.

"எம் பார்டர்! சார், இது எம் பார்டர்!"

நாதஸ்வரம் நின்றுபோனது. பெண் அழ ஆரம்பித்தாள். பெண்ணின் தாய்மாமன் இவர் சட்டைக் காலரைப் பிடித்து, "பொண்ணு கால்கிட்ட இன்னாய்யா வேல உனக்கு?" என்று கேட்டதற்கு, "கொடியில மூணாவது இலைய நான்தாங்க வளைச்சேன்" என்று இவர் பதில் சொன்னார். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. பந்தியில் உட்காராமலே நாங்கள் வெளியே வந்தோம். வந்தோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

ஊர் இரண்டு நாள் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"ஈ, காக்கா நுழையாதுன்னு நீதானே சொல்லிகினு இருந்தே?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"எவனும் உள்ள நுழையல. அப்போ டிசைன் எப்படி வெளிய வந்துது? நீயே எடுத்து வித்தாத்தானே வரும்?"

அன்றோடு அந்த வேலை போயிற்று. பட்டு ஊரில் ஒரு முதலாளி வாயைத் திறந்தால் மற்றவர்கள் கதவை மூடுவார்கள். மூடினார்கள்.

வீட்டுக்கு வந்து நாள் முழுக்க ஸ்கேன் ஓடவிட்டார். ஒன்றுமில்லை என்றது பச்சை டிக். மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். வந்தால் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் போனபின் மாடி ஏறி வந்தார்.

"சார், பூச்சி இருந்தா மெஷின் சொல்லிடும். மனுஷன் இருந்தா சொல்லாது போல. ஒரு பொறி வெக்கப் போறேன்."

பொறி என்றால் மயில். அழகான மயில், தோகை விரித்து, கழுத்தைத் திருப்பிய மயில். கொடிக்கு நடுவே பதுங்கினாற்போல அதற்கு மூன்றாவதாக ஒரு கால்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"ரெண்டு கால் மயில எவன் வேணும்னாலும் வரையலாம். மூணு கால்னா அது என் கம்ப்யூட்டர்லருந்து போனது மட்டுந்தான்."

"எடுக்கறவன் பார்த்துட மாட்டானா?"

"திருடறவன் எண்ணிப் பார்க்க மாட்டான் சார். எண்ணிப் பார்க்கிற பொறுமை இருந்தா அவனே வரைஞ்சிகினு இருப்பான்."

அந்த மயிலை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குள் அதுபாட்டுக்குக் கிடந்தது. மழைக்காலம் முடிவதற்குள், கடைத்தெருவில் ஒரு சேலைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கால் மயில் நின்றது.

அவர் உள்ளே போனார். இந்த முறை கத்தவில்லை. சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "டிசைன் நல்லா கீதுங்களே, எங்க புடிச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க மச்சான் பாபுதானே கொண்டாந்து குடுத்தாரு. நீங்கதான் குடுத்தனுப்பினீங்கன்னு சொன்னாரே."

ஸ்கேன்காரர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

பிறகு பாபுவையே கூப்பிட்டுக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. ஆன்டிவைரஸ் போட்ட அன்றே, அதோடு கூட இன்னொரு புரோகிராமையும் பாபு உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தன் கடையில் உட்கார்ந்தபடியே மாமாவின் திரையைப் பார்க்கவும், வேண்டிய ஃபைலை எடுக்கவும் அது வழி விட்டது. 'இதை மட்டும் கண்டுகொள்ளாதே, இவன் நம்ம ஆள்' என்று அந்த ஆன்டிவைரஸ் காவல்காரனிடம் சொல்லியும் வைத்திருக்கிறான். காவல்காரனும் விசுவாசமாகப் பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பாபு மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"வெளியாள் எவனாவது தூக்கிகினு போறதுக்கு, நம்ம வூட்டுப் பையன் எடுத்தா இன்னா மாமா கெட்டுப்போச்சி? உங்க டிசைன்தானே ஊர் பூரா நிக்குது? சந்தோஷப்படுங்க" என்றான்.

குடும்பம் கூடியது. பாபுவுக்குக் கலசப்பாக்கத்தில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்த நேரம். வள்ளி அக்காவின் அப்பா ஸ்கேன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, பொண்ணு வூட்டுக்காரங்க காதுல விழுந்தா இன்னா ஆவறது? சின்னப் பையன். நீங்கதான் பெரியவரு, பொறுத்துக்கணும்." நம் ஊரில் யார் அடிபட்டானோ அவனைத்தான் உடனே பெரிய மனுஷன் ஆக்குவார்கள். அடித்தவன் எப்போதும் சின்னப் பையன்.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னால் இவர் பெயர் சுத்தமாகும். பாபுவின் கல்யாணம் நிற்கும். "நீங்க சொல்லலேன்னா நான் போய் சொல்றேன்" என்று நான் குதித்தேன். ஸ்கேன்காரர் வள்ளி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேணாம் சார். இவ ஒண்ணும் பண்ணலியே" என்றார்.

அவ்வளவுதான். திருட்டுப் பட்டத்தை அவரே வைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. மணப்பெண் கட்டியிருந்தது மூன்று கால் மயில். அக்கா, மாப்பிள்ளையின் ஒரே அக்கா, பட்டு நெய்கிற ஊரின் கல்யாணத்தில், சாயம் போன பருத்திச் சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "இன்னாடி வள்ளி, பட்டு கட்டலியா?" என்று ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். பாபுவின் முகத்தில் மட்டும் ஈ ஆடவில்லை. அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

கொடுமை அதோடு நிற்கவில்லை. அந்த மயில் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று கால் ஊன்றி நிற்பதால் குடும்பம் நிலைக்கும் என்று எவனோ ஒரு கதை கட்டிவிட்டான். சென்னையிலிருந்தெல்லாம் வந்து "மூணு கால் மயில் இருக்கா?" என்று கேட்டார்கள். கடைசியில், இவரை விரட்டிய அதே முதலாளி, போனால் போகிறது என்று ஆள் அனுப்பினார். பழசை மறந்துவிடுவாராம், மூன்று கால் மயில் மாதிரியே ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டுவரச் சொன்னாராம்.

ஸ்கேன்காரர் வந்தவருக்குக் காபி கொடுத்தார். "எனக்கு ரெண்டு கால் மயில்தாங்க வரைய வரும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

பிறகு டிசைன் வேலையையே விட்டுவிட்டார். இப்போது வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரில் வைரஸ் எடுத்துக்கொடுக்கிறார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆரணியில் ஆள் இல்லை என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடிகிறவரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "டிசைன் வித்த ஆளு, ஜாக்கிரதை" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அவர் காதில் விழாதது போல வேலையைப் பார்ப்பார்.

எனக்கு வேலூருக்கு மாற்றலாகிவிட்டது. போன பொங்கலுக்கு என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மேஜையில் வைத்து, பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, "பாருங்க, நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

"சார், பக்கத்துல உக்காரலியா?"

"எதுக்கு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். "பொண்டாட்டி பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. படிச்ச மனுஷன் வெக்கற பாஸ்வேர்டா சார் இது? பேஜாரு!" நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதிதாக ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். எழுத்தும் எண்ணும் புள்ளியும் கலந்து, வாயில் நுழையாத ஒன்று.

அது எனக்கு அடிக்கடி மறந்துபோகும். போன் செய்வேன். "போன்ல கேக்கற விஷயமா சார் இது? ஒட்டுக் கேப்பான். நேர்ல வாங்க, சொல்றேன்" என்று எரிந்து விழுவார். சரி என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆரணிக்குப் போவேன். வள்ளி அக்கா சோறு போடுவார். சாயந்திரம்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன்.

அந்த பாஸ்வேர்டு எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.